தேர்தலில் ஜெயித்து நாட்டை இழந்த பீல்டு மார்ஷல்

1960-ம் ஆண்டு. பீகார் மாநிலம் புத்தகயா.

போதி மரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் தாய்லாந்து நாட்டார் கட்டிய புத்த விகாரை இருக்கிறது. அந்த ஆண்டில் 63 வயதுப் பெரியவர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். தலையை மழித்துக்கொண்டார். காவி உடுத்தினார். சில காலம் பிட்சுவாக இருந்தார்.

அவர் சாதாரண மனிதர் அல்ல. மொத்தம் 15 ஆண்டுகள் தாய்லாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். அந்த நாட்டில் வேறு யாரும் அத்தனை காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ராணுவத்தில் பீல்டு மார்ஷல். சயாம் என்ற பழைய பெயரை மாற்றித் தாய்லாந்து என்று வைத்தவரும் அவர்தான். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2,500-வது ஆண்டை ஒட்டி, நேருவின் அழைப்பை ஏற்று, அந்த விகாரையைக் கட்ட ஏற்பாடு செய்ததும் அவருடைய அரசுதான்.

நாட்டுக்குத் திரும்ப முடியாத அகதியாக அவர் அங்கே வந்திருந்தார். தேர்தலில் தோற்றதால் அந்த நிலை வரவில்லை. ராணுவத்தின் பலத்தில் ஒரு கட்சி தொடங்கி, அந்தக் கட்சி தேர்தலில் ஜெயித்ததால் வந்த வினை அது!

அவர் பெயர் பிபுன் சொங்கிராம்.

விசித்திரக் குழந்தை

பாங்காக் நகரை ஒட்டிய நொந்தபுரியில் 1897-ம் ஆண்டு ஜூலை மாதம் 14-ந் தேதி பிபுன் பிறந்தார். பெற்றோருக்குப் பழத்தோட்டம் இருந்தது. பெரிய குடும்பம் என்று சொல்ல முடியாது. பிறந்த குழந்தையின் காதுகள் கண்களின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தன. அதனால் பிளேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து மொழியில் அதற்கு விசித்திரம் என்று பொருள்.

கோவில் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தார். 12 வயதில் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் பீரங்கிப் படையில் அதிகாரி வேலை கிடைத்தது. கெட்டிக்காரர் என்பதால் 1924-ல் மேல்படிப்புக்குப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்.

பிபுன் சொங்கிராம் என்பது பின்னாளில் மன்னர் கொடுத்த பட்டம். நம் காதுக்கு அது அன்னியமான பெயர் அல்ல. விபுல சங்கிராமம் என்ற வடமொழிச் சொற்கள்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கின்றன. பெரும் போர் என்று அர்த்தம்.

பாரீஸ் சிநேகம்

பாரீஸ் நகரில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். பிரீடி பனோம்யோங் என்ற சட்ட மாணவர். ஒருவர் துப்பாக்கி தூக்கியவர். மற்றவர் புத்தகம் தூக்கியவர். சயாமில் மன்னர் வைத்ததே சட்டம் என்ற நிலை மாற வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. 1927-ம் ஆண்டு பிப்ரவரியில் ஏழே ஏழு பேர் அங்கே ஓர் அறையில் கூடி ரகசியச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுவே மக்கள் கட்சி.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1932 ஜூன் 24-ந் தேதி விடியற்காலையில், அந்தச் சங்கத்தார் பாங்காக்கைப் பிடித்தார்கள். அநேகமாக ரத்தம் சிந்தாமலே காரியம் முடிந்தது. மன்னர் பிரஜாதிபோக் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஆள ஒப்புக்கொண்டார்.

மறு ஆண்டே அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளவரசர் படை திரட்டி வந்தார். அவரை விரட்டி அடிக்கும் பொறுப்பு பிபுனிடம் வந்தது. வெற்றியுடன் முடித்தார். ராணுவ மந்திரி பதவி கிடைத்தது. மன்னரோ இங்கிலாந்து போய், 1935-ல் அங்கிருந்தபடியே முடி துறந்தார்.

மூன்று முறை தப்பினார்

வளர்ந்தவருக்கு எதிரிகளும் வளர்ந்தார்கள். 1935-ல் கால்பந்துப் போட்டி பார்க்கப் போன இடத்தில் ஒருவன் சுட்டான். குண்டு பாய்ந்தது, உயிர் தப்பினார். 1938 நவம்பரில் வீட்டு வேலைக்காரனே துப்பாக்கியுடன் துரத்தினான். அடுத்த மாதம் மதியச் சாப்பாட்டில் விஷம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார்கள்.

விஷத்தில் தப்பிய சில நாட்களில் பிரதம மந்திரி ஆனார். உடனே கைதுகள் நடந்தன. தனிக் கோர்ட்டு அமைக்கப்பட்டு, 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகள்தானா என்ற கேள்வி அந்த நாட்டில் பிறகும் அடங்கவில்லை.

தொப்பி இல்லாவிட்டால் வேலை நடக்காது

1939-ல் சயாம் தாய்லாந்து ஆயிற்று. பெயர் மாற்றம் வெறும் பெயரோடு நிற்கவில்லை. மக்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும், எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக 12 உத்தரவுகள் வந்தன. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கொடிக்கு எழுந்து நிற்க வேண்டும். வெற்றிலை பாக்கு போடக்கூடாது. ஆணும் பெண்ணும் தொப்பி அணிய வேண்டும். தொப்பி இல்லாமல் சர்க்கார் ஆபீசுக்குப் போனால் காரியம் நடக்காது.

கணவன் வேலைக்குப் புறப்படும்போது மனைவிக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றுகூடச் சொல்லப்பட்டது. அதைச் சரி பார்க்கப் போலீசார் யாரையும் நிறுத்தியதாகத் தெரியவில்லை!

அரிசிக்குப் பதில் நூடுல்ஸ் சாப்பிடும்படி அரசாங்கமே பிரசாரம் செய்தது. இன்று உலகம் முழுவதும் ஓட்டல்களில் விற்கும் பாட் தாய் என்ற பலகாரம் வீட்டுக்கு வீடு பரவியது அந்தக் காலத்தில்தான். ஜனவரி முதல் தேதியைப் புத்தாண்டு ஆக்கியதும் அவரே.

சிரித்துவிட்டுப் போகிற காரியங்கள் மட்டும் அல்ல. தாய்லாந்தில் பிழைக்க வந்த சீனர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கடையும் ஆலையும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. நாடு நாட்டுக்காரனுக்கே என்ற கோஷத்தோடு சில தொழில்கள் தாய்லாந்துக்காரர்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. சீனப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சீனப் பத்திரிகைகளும் நின்றன. வேறு மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு அந்தச் சீனர்கள் பட்ட பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானுக்கு வழி விட்டார்

1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பான் படைகள் தாய்லாந்துக் கரையில் இறங்கின. பிபுன் அப்போது தலைநகரில் இல்லை, எல்லைப்புறம் போயிருந்தார். மந்திரிகள் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்ததும் சண்டையை நிறுத்த உத்தரவிட்டார். அதே மாதம் ஜப்பானுடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1942 ஜனவரி 25-ந் தேதி பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர்ப் பிரகடனம் செய்தார். பிரீடிக்கு இது பிடிக்கவில்லை. அவர் மறைமுகமாகச் சுதந்திர தாய் இயக்கம் நடத்தி நேச நாடுகளுக்கு உதவினார். பாரீஸ் சிநேகம் அத்துடன் முறிந்தது.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் கதையும் வந்து சேருகிறது.

தாய்லாந்தில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரெயில் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. பிபுன் அரசு சம்மதித்தது. 1942-ல் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் முடிந்தது. காடு, மலை, பேய் மழை. சிறைப்பட்ட வெள்ளைக்கார சிப்பாய்கள் 60 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள்.

சிப்பாய்களுக்காவது கணக்கு இருக்கிறது. கல்லறையில் பெயர் இருக்கிறது. கூலியாட்களுக்கு அது இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து நல்ல கூலி என்று ஆசை காட்டியும், மிரட்டியும், லாரியில் அள்ளிப் போட்டும் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் போனார்கள். ஆசியக் கூலியாட்கள் சுமார் 2 லட்சம் பேர் என்றும், காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர்கள் 90 ஆயிரம் பேர் இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தமிழர் வாயில் அதற்கு சயாம் மரண ரெயில் என்றே பெயர்.

பிபுன் அங்கே சாட்டை பிடிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் அவர் அரசு செய்தது. அதற்கு அடுத்து ஜப்பான் அவருக்கு ஒரு பரிசும் கொடுத்தது. கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஆகிய நான்கு மலாய் மாநிலங்களை 1943-ல் தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தது. கெடா தோட்டங்களில் இருந்த தமிழர்கள் போர் முடியும் வரை தாய்லாந்து ஆட்சியின் கீழ் வாழ நேர்ந்தது.

முதல் அடி ஓட்டில் விழுந்தது

போர் திசை மாறியது. பாங்காக்கில் குண்டு விழுந்தது. தலைநகரை வடக்கே பெச்சபூன் காட்டுக்கு மாற்றப் போவதாக பிபுன் கிளம்பினார். வேலைக்கு அழைத்துப் போன ஜனங்கள் மலேரியாவில் ஏராளமாக மடிந்தார்கள். 1944 ஜூலையில் அந்தத் திட்டத்துக்கான மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. மெம்பர்கள் அதைத் தோற்கடித்தார்கள். பிபுன் ராஜினாமா செய்தார்.

படையால் அசைக்க முடியாதவரைப் பாராளுமன்றத்து ஓட்டு இறக்கிவிட்டது. இதை அவர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

போருக்குப் பின் போர்க் குற்றவாளி என்று சிறையில் வைத்தார்கள். பழைய செயலுக்குப் புதிய சட்டம் செல்லாது என்று 1946-ல் கோர்ட்டு விட்டுவிட்டது. வீட்டுக்குப் போய்த் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு ஜூனில் இளம் மன்னர் ஆனந்த மகிடோல் அரண்மனைப் படுக்கையில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். என்ன நடந்தது என்பது முழுவதும் தெளியவில்லை. பழி மட்டும் பிரீடி மீது திருப்பி விடப்பட்டது. 1947 நவம்பரில் ராணுவம் புரட்சி செய்தது. பிரீடி நாட்டை விட்டுத் தப்பினார். 1948 ஏப்ரலில் பிபுன் மறுபடியும் பிரதம மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆற்றில் குதித்தார்

ஆனால் இந்த முறை அவர் பழைய பிபுன் அல்ல. புரட்சி செய்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு முகப்பாக ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. அவ்வளவுதான். இதை அவருக்கு நன்றாகப் புரிய வைத்த நாள் 1951 ஜூன் 29.

அன்று அமெரிக்கா கொடுத்த மன்ஹாட்டன் என்ற தூர்வாரும் கப்பலைப் பெற்றுக்கொள்ளும் விழா. ஆற்றங்கரையில் தூதர்கள் முன்னிலையில் கப்பலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கடற்படை அதிகாரிகள் சிலர் இயந்திரத் துப்பாக்கியுடன் வந்து, பிரதம மந்திரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்ரீ அயூத்தியா என்ற போர்க் கப்பலில் ஏற்றினார்கள். அவரைப் பணயமாக வைத்து ஆட்சியைப் பிடிப்பது திட்டம்.

தரைப்படையும் போலீசும் விமானப்படையும் பேரம் பேசவில்லை. மறுநாள் விமானங்கள் வந்து அந்தக் கப்பல் மீதே குண்டு போட்டன. உள்ளே பிரதம மந்திரி இருக்கிறார் என்று தெரிந்தே போட்டன! கப்பல் எரிந்து மூழ்கத் தொடங்கியது. 54 வயதை நெருங்கிய பீல்டு மார்ஷல் சாவ் பிரயா ஆற்றில் குதித்து, நீந்திக் கரை சேர்ந்தார்.

உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். ஆனால் தன் உயிருக்குத் தன் ஆட்களே போட்ட மதிப்பு என்ன என்பதை அன்று அவர் பார்த்துவிட்டார்.

இரண்டு புலிகள்

அந்த ஆட்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் போலீஸ் தலைவர் பாவ் சியானோன். அவர் போலீசில் விமானமும் கவச வண்டியும் இருந்தன. அமெரிக்க உளவுத் துறை உதவி தாராளமாக வந்தது. அபின் வியாபாரத்தில் அவர் போலீசாருக்கு இருந்த பங்கு ஊரறிந்த ரகசியம். 1949-ல் முன்னாள் மந்திரிகள் நான்கு பேர் போலீஸ் காவலில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழியில் கொள்ளைக்காரர்கள் தாக்கினார்கள் என்று போலீசார் கதை சொன்னார்கள். நம்பியவர்கள் குறைவு.

மற்றவர் தரைப்படைத் தளபதி சாரித் தனரத். ராணுவம் முழுவதும் அவர் கையில். அரசாங்க லாட்டரியும் அவர் கையில்.

பாவும் சாரித்தும் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிபுன். தராசு முள் மாதிரி இரண்டு பக்கமும் சாயாமல் நிற்பதே அவருக்குப் பிழைப்பு. சொந்தமாகத் துப்பாக்கி கிடையாது. அப்படியானால் வேறு பலம் வேண்டும். அது ஜனங்களின் ஓட்டாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

1955-ல் பல வாரங்கள் உலகச் சுற்றுப்பயணம் போனார். அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்கள் ஜனாதிபதியை நேருக்கு நேர் கேள்வி கேட்பதைப் பார்த்தார். லண்டன் ஹைடு பார்க் பூங்காவில் யார் வேண்டுமானாலும் ஏறி நின்று சர்க்காரைத் திட்டுவதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் பாங்காக்கில் அரண்மனை முன் மைதானத்தைப் பேச்சுக்குத் திறந்து விட்டார். ஜனங்கள் குவிந்தார்கள். வாயைத் திறக்கவே பயந்தவர்கள் மந்திரிகளைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அதிகமாகத் திட்டு வாங்கியவர் பாவ். சில மாதங்களில் அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

கட்சி பிறந்தது

1955 செப்டம்பரில் அரசியல் கட்சிகளை அனுமதிக்கும் சட்டம் வந்தது. உடனே பிபுன் ஒரு கட்சியைப் பதிவு செய்தார். அதன் பெயர் சேரி மனங்கசிலா.

நம் ஊர்ச் சேரி அல்ல. தாய்லாந்து மொழியில் சேரி என்றால் சுதந்திரம். மனங்கசிலா என்பது அந்தக் காலத்து ராமகம்ஹேங் மன்னர் அமர்ந்து நீதி சொன்ன கல் ஆசனத்தின் பெயர். அதே பெயரில் பாங்காக்கில் அரசாங்க மாளிகை ஒன்று இருந்தது. கட்சி கூடியது அந்த மாளிகையில்.

தலைவர் பிபுன். துணைத் தலைவர்களில் ஒருவர் சாரித். பொதுச் செயலாளர் பாவ். அதாவது, யாருடைய பிடியில் இருந்து விடுபடக் கட்சி வேண்டும் என்று நினைத்தாரோ, அவர்களையே கட்சியில் பக்கத்துக்கு ஒருவராக உட்கார வைத்தார். வேறு வழி இல்லை. பணம் அவர்களிடம் இருந்தது. ஊருக்கு ஊர் ஆட்களும் அவர்களிடமே இருந்தார்கள்.

பாராளுமன்றத்தில் ஏற்கனவே ஒரு வசதி இருந்தது. 1952-ல் ஜனங்கள் தேர்ந்தெடுத்த மெம்பர்கள் 123 பேர். சர்க்கார் நியமித்தவர்களும் 123 பேர். நியமன மெம்பர்கள் பெரும்பாலும் ராணுவத்தாரும் போலீசாரும்தான். பாதி வீடு கட்டிக் கையில் கொடுத்த பிறகு மீதிப் பாதிக்குத்தான் தேர்தல்.

பாராசூட் ஓட்டு

1957 பிப்ரவரி 26-ந் தேதி தேர்தல் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கட்சிகள் இருந்தாலும் பாங்காக்கில் உண்மையான போட்டி, பிபுனுக்கும் ஜனநாயகக் கட்சித் தலைவர் குவாங் அபைவோங்குக்கும்தான். குவாங்கும் 1932 புரட்சியில் சேர்ந்திருந்தவர். பழைய தோழர்.

ஓட்டுப்பதிவு அன்று நடந்த கூத்துக்கு ஜனங்களே பெயர் வைத்தார்கள். ஒரே ஆள் கூட்டம் பல சாவடிகளில் இறங்கி இறங்கி ஓட்டுப் போட்டது. அவர்களுக்குப் பாராசூட் படை என்று பெயர். முன்கூட்டியே குத்தி, கட்டுக் கட்டாகப் பெட்டிக்குள் தள்ளிய சீட்டுகளுக்கு நெருப்புச் சீட்டு என்று பெயர். ரவுடிகள் சாவடிகளில் நின்றார்கள். தலைநகரில் எண்ணிக்கை நாட்கணக்கில் இழுத்தது.

முடிவு வந்தது. மொத்தம் 160 இடங்களில் பாதிக்கு மேல் பிபுன் கட்சிக்கு. நியமன மெம்பர்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஜனநாயகக் கட்சிக்கு 30 இடங்களே கிடைத்தன.

எனக்குத் தோன்றுவது இது: தில்லுமுல்லு இல்லாமலே அவர் ஆட்சி அமைத்திருக்கலாம். எதிர்க்கட்சிகள் சிதறிக் கிடந்தன. ஆனால் பாங்காக்கில் தலைவர் தோற்றுவிடக் கூடாது என்று கட்சிக்காரர்களுக்குப் பயம். ஓட்டை நம்பிக் கட்சி தொடங்கியவரின் கட்சிக்கே ஓட்டின் மேல் நம்பிக்கை இல்லை.

பாலத்தில் நின்ற தளபதி

மாணவர்கள் கொதித்தார்கள். சூலலங்கோன் பல்கலைக்கழகத்தில் கொடியை அரைக் கம்பத்தில் பறக்க விட்டார்கள். ஜனநாயகம் செத்ததற்குத் துக்கம். பிபுன் அவசர நிலை அறிவித்து, ஊரைக் காக்கும் பொறுப்பைச் சாரித்திடம் கொடுத்தார். அவர் செய்த பெரிய தவறு இதுதான்.

மார்ச் 2-ந் தேதி ஆயிரக்கணக்கில் மாணவர்களும் ஜனங்களும் அரசாங்க மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள். வழியில் மக்காவான் பாலத்தில் சிப்பாய்கள் துப்பாக்கியுடன் நின்றார்கள். சாரித் அங்கே வந்தார். சுடச் சொல்லவில்லை. வழி விடச் சொன்னார். தேர்தல் அசிங்கமாக நடந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கூட்டம் அவரைக் கொண்டாடியது. கட்சியின் துணைத் தலைவர் ஒரே மாலையில் கட்சியின் எதிரிகளுக்குக் கதாநாயகன் ஆகிவிட்டார்!

அரசாங்க மாளிகையில் பிபுன் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். கைதட்டல் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஓடியது. வடகிழக்கில் வறட்சி, ஜனங்கள் பிழைப்பு தேடித் தலைநகருக்கு ரெயில் ஏறினார்கள். மந்திரிகள் வியாபாரத்தை விட வேண்டும் என்றார் பிபுன். ஆகஸ்டில் சாரித் மந்திரி பதவியை உதறினார். கட்சியில் இருந்தும் விலகினார். அவர் பக்கத்து நியமன மெம்பர்களும் கூட்டமாக வெளியேறினார்கள். கட்சியின் பலம் எங்கே இருந்தது என்பது அப்போது தெரிந்தது. துப்பாக்கி விலகியதும் கட்சியும் கரைந்தது.

செப்டம்பர் 16-ந் தேதி இரவு டாங்கிகள் வந்தன. பாங்காக்கில் எதிர்ப்பே இல்லை. பிபுன் சில உதவியாளர்களுடன் காரில் கிழக்கே பறந்தார். எல்லையோர திராத் மாவட்டம் போய், அங்கிருந்து படகில் கம்போடியா போய்ச் சேர்ந்தார். பாவுக்கு விமானம் கொடுத்து ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் அவர் அங்கேயே இறந்தார்.

வாரிசுகள்

விரட்டியவர்களும் அதே வழியில்தான் போனார்கள். சாரித் ஆட்களும் 1957 டிசம்பர் தேர்தலை ஒட்டி ஒரு கட்சி அமைத்தார்கள். மெம்பர்களைக் கட்டி மேய்க்க முடியவில்லை. 1958 அக்டோபரில் சாரித் அரசியல் சட்டத்தையே ரத்து செய்து, தம் கட்சி உள்பட எல்லாக் கட்சிகளையும் கலைத்தார். அவருக்குப் பின் வந்த தனோம் 1968-ல் வேறு கட்சி தொடங்கினார். 1969-ல் தேர்தலில் ஜெயித்தார். 1971-ல் தம் ஆட்சியின் மீது தாமே புரட்சி செய்து பாராளுமன்றத்தை மூடினார். 1992-ல் ஒரு ராணுவக் கட்சி வந்து சில மாதங்களில் போயிற்று.

2014-ல் ஆட்சியைப் பிடித்த தளபதி பிரயுத் சான் ஓச்சாவுக்காக 2018-ல் பலாங் பிரசாரத் என்ற கட்சி உதயமாயிற்று. 2019-ல் அவர் பிரதமராக வந்தார். அப்போதும் ராணுவம் பொறுக்கி எடுத்த 250 செனட்டர்களுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இருந்தது. அந்த 250 பேரில் 123-ன் சாயல் தெரியத்தான் செய்தது. 2023 தேர்தலில் அந்தக் கட்சி 40 இடங்களுக்குச் சுருங்கியது.

அஸ்தி திரும்பியது

பிபுன் கம்போடியாவில் இருந்து ஜப்பானுக்குப் போனார். போர்க் காலச் சிநேகிதர்கள் அங்கே இருந்தார்கள். மனைவி லாயிட் கூட இருந்தார். டோக்கியோவை அடுத்த சகாமிஹாராவில் சிறிய வீடு. அரசியல் பேச வந்தவர்களுக்கு அவர் அதிகம் பிடி கொடுக்கவில்லை. இடையில்தான் புத்தகயா பயணம்.

1963 டிசம்பரில் சாரித் பதவியில் இருந்தபடியே இறந்தார். அவர் சேர்த்த சொத்து 10 கோடி டாலரைத் தாண்டும் என்று பிறகு கணக்கு எடுத்தார்கள். பிபுன் அந்தச் செய்தியை ஜப்பானில் இருந்து கேட்டார். இனி ஊருக்குத் திரும்பலாம் என்று நினைத்தாரோ என்னவோ, காலம் இல்லை. 1964 ஜூன் 11-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 66.

அதே மாதம் அவருடைய அஸ்தி விமானத்தில் பாங்காக் வந்தது. உயிரோடு வர விடாத ராணுவம், அஸ்திக்கு மரியாதை அணிவகுப்பு நடத்தியது. பாங்கேன் என்ற இடத்தில் உள்ள ஸ்ரீ மகாதாது விகாரையில் அதை வைத்தார்கள்.

அந்த விகாரையும் அவர் கட்டியதுதான். 1932 புரட்சியின் நினைவாக எழுப்பி, ஜனநாயக விகாரை என்று பெயர் வைக்க முதலில் எண்ணியிருந்தார்கள். 1941-ல் அதற்காக இந்தியாவுக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பி, புத்தரின் திருவுடல் எச்சமும், புத்தகயா போதி மரத்தின் கிளைகளும் வாங்கி வந்து அங்கே வைத்தார். புரட்சித் தோழர்கள் பலரின் அஸ்தியும் அதே விகாரையின் சுவர் மாடங்களில் இருக்கிறது. பிரீடியின் அஸ்தி அங்கே இல்லை. 1983-ல் பாரீசில் இறந்த அவருடைய சாம்பலைச் சயாம் கடலில் கரைத்துவிட்டார்கள்.